ஆள் மாற்றி ஓட்டிய கிட்டார்

கௌசிக் தன் கிட்டார் பெட்டியைத் திறக்கும் சத்தமே ஈஸ்வருக்கு ஆகாது. கொக்கிகள் டக், டக்கென்று விடுபடும். மூடியைத் தூக்கினால் உள்ளே கருநீல வெல்வெட் துணி. அதில் அந்தக் கிட்டார் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையாட்டம் சாய்ந்து கிடக்கும். ஈஸ்வரின் கிட்டாருக்குப் பெட்டியெல்லாம் கிடையாது. லாரி சீட்டு தைக்கிறவரிடம் மிச்சம் கிடந்த ரெக்சினில் தைத்து வாங்கிய பைதான். அதன் ஜிப்பு பாதி தூரம் வந்ததும் இதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றுவிடும்.

ஈஸ்வர் நாமக்கல்லில், சேலம் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வயரிங் வேலை செய்கிறவன். முன் விளக்கு, பின் விளக்கு, ஹாரன், நெற்றியில் மினுமினுக்கும் சீரியல் பல்பு எல்லாம் அவன் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் கலைஞன். ரங்கன் என்பவர் நடத்தும் இன்னிசைக் குழுவில் கல்யாணம் ஆனதிலிருந்து கிட்டார் வாசிக்கிறான். புதுச்சத்திரத்தில் ரங்கனுடைய தம்பியின் லாரி ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. ஒத்திகை அங்கேதான்.

கிட்டார் விஷயத்தில் ஈஸ்வருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. நாமக்கல்லில் பிறந்தவனுக்கு வேறெந்தச் சித்தாந்தம் வரும்? லாரி வாங்குகிறவர்கள் கம்பெனியிலிருந்து எலும்புக்கூடு மாதிரி சேஸியை மட்டும் ஓட்டி வருவார்கள். கேபின், தொட்டி, பெயின்ட், சாமி படம் மாட்டும் சட்டம் வரை எல்லாம் இங்கே கட்டிக்கொள்வார்கள். கம்பெனியே கட்டித் தருகிற பாடியை இங்கே யாரும் மதிப்பதில்லை. அதனால் ஈஸ்வர் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த சீனாக் கிட்டாரை வாங்கினான். கட்டையும் கழுத்தும் நேராக இருக்கிறதா என்று மட்டும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டான். அதுதான் சேஸி. மற்றதை நாம் கட்டிக்கொள்ளலாம்.

கட்டவும் கட்டினான். வாங்கிய புதிதில் ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். கம்பியை முறுக்கும் சாவிகளை மாற்றினான். கழுத்தின் ஓரத்தில், குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனை உள்ளங்கையைக் கீறியது. நைஸ் அரம் வைத்து ஒவ்வொன்றாக ராவினான். கம்பியின் அதிர்வை வாங்கிக் கரண்டாக மாற்றுகிற பிக்கப் மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டு, சேலத்துக் கடையில் சொல்லி வைத்து நல்லதாக வரவழைத்தான். மேடையில் ஏறினால் வண்டு மாதிரி ஓர் இரைச்சல் வரும். உள்ளறை முழுவதும் தாமிரத் தகடு ஒட்டி, எர்த் கொடுத்து அதையும் அடக்கினான். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் பிளாஸ்டிக் துண்டைக்கூட விடவில்லை. அதற்குப் பதில் எலும்பு வந்தது. வருஷா வருஷம் ஏதாவது ஒன்று.

"ஊட்டுக் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் ஆடுதுங்க. அதுக்கு எப்ப அப்கிரேடு?" என்று அவன் மனைவி தேவிப்ரியா கேட்பாள். அதற்குள் அவன் அடுத்த திருகைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

இப்படி இருக்கையில்தான் கௌசிக் வந்து சேர்ந்தான். ராசிபுரத்துப் பையன். வீட்டில் பட்டுச் சேலை வியாபாரம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய கிட்டார் உச்சாணி விலை இல்லை என்றாலும், ஈஸ்வரின் கிட்டாரைப் போல அஞ்சாறு வாங்கலாம். இந்தோனேசியாவில் செய்தது. சந்தன நிறக் கட்டை, மேலே கண்ணாடியாக வார்னிஷ்.

முதல் நாள் அவன் அதை மடியில் வைத்து வாசித்தபோது பாடகி வெண்ணிலா கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துவிட்டாள். டிரம்ஸுக்குப் பதில் எலக்ட்ரானிக் பேடு வாசிக்கும் ரமேஷ்குமார் எழுந்தே நின்றான்.

"இதுல என்னென்ன மாத்திருக்கற?" என்று கேட்டான் ஈஸ்வர்.

"ஒண்ணுமே மாத்தலீங்ணா. பெட்டியப் பிரிச்சேன், வாசிச்சேன். அவ்வளவுதானுங்க."

அந்தப் பதில்தான் ஈஸ்வரின் வயிற்றில் நெருப்பை வைத்தது. இத்தனை வருஷம் அரத்தால் ராவி, ஈயம் பற்ற வைத்து, கடைக்கும் வீட்டுக்கும் அலைந்து அவன் எந்த இடத்துக்கு ஏறி வந்தானோ, அந்த இடத்தில் ஒருவன் பெட்டியைப் பிரித்த மாத்திரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான். 'கொஞ்சம் பார்க்கறேன் தம்பி' என்று வாங்கி, கழுத்தின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினான். ஒரு ஃப்ரெட்டாவது குத்தாதா என்று மேலிருந்து கீழே வரை தடவினான். குத்தவில்லை. வாழைத்தண்டு மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது, "பரவால்ல" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

அடி விழுந்தது தை மாதக் கடைசியில். ராசிபுரத்துக் கோவில் திருவிழாதான் குழுவுக்கு வருஷத்தின் பெரிய மேடை. திரை விலகும்போது எல்லா வாத்தியமும் சும்மா இருக்கும். கிட்டார் மட்டும் தனியாக, ரங்கனே மெட்டுப் போட்ட ஒரு தொடக்க இசையை வாசிக்கும். அது முடிந்த பிறகுதான் பேடு விழும், ஜனம் விசிலடிக்கும். அந்தத் தொடக்கம் இத்தனை வருஷமும் ஈஸ்வருடையது. நாமக்கல் பட்டறையில் அவனை யாரும் கலைஞனென்று கூப்பிட்டதில்லை. ராசிபுரம் மேடையின் அந்தச் சில நிமிஷங்களை வைத்துத்தான் அவன் வருஷம் முழுக்கத் தன்னை அப்படி நினைத்துக்கொண்டான்.

"தப்பா நெனச்சுக்காத சாமி," என்றார் ரங்கன், கீபோர்டைத் துடைத்தபடி. "இந்த வருசம் தொடக்கத்தத் தம்பி வாசிக்கட்டும். அந்தக் கிட்டாரு சவுண்டு அப்படி. நீ பின்னால ரிதம் புடிச்சுக்க."

"கிட்டாரு சவுண்டுங்களா?"

"ஆமா சாமி. கிட்டாரு சவுண்டுதான்," என்றார் ரங்கன். கீபோர்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஈஸ்வர் சொல்லச் சொல்ல தேவிப்ரியா கிட்டார் பாடம் கேட்டாள். இட்லிக்கு மாவு ஊற்றும்போது பிக்கப்பைப் பற்றிக் கேட்டாள். துணி காயப்போடும்போது கட்டையைப் பற்றிக் கேட்டாள். "நடு வெலைக் கிட்டாருன்னா என்ன தெரியுமா? பாதிக் காசு பேருக்கு, மீதிப் பாதி பாலிசுக்கு. உள்ள இருக்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான். என்னுதுல இன்னும் நல்லதே இருக்குது."

"அப்ப அவனுது சுமாரு, உங்களுது நல்லது. அதுக்கு எதுக்குங்க மொகத்தத் தூக்கி வெச்சுட்டுத் திரியறீங்க?"

"உனக்குப் புரியாது."

"புரியுதுங்க. நல்லாவே புரியுது," என்று சொல்லிவிட்டு அவள் சட்டினி தாளிக்கப் போனாள்.

அடுத்த புதன்கிழமை கௌசிக் பட்டறைக்கே வந்துவிட்டான். கையில் அந்தப் பெட்டி.

"ண்ணா, ஒயர் குத்தற எடம் லூசாயிருச்சுங்க. கரகரங்குது. கடைக்குக் கொண்டு போலாம்னு பாத்தேன். அப்பறம், அண்ணன் இருக்கறப்ப கடை எதுக்குன்னு இங்கியே வந்துட்டனுங்க."

இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைக்கிறானே என்று ஈஸ்வருக்கு எரிச்சலாக வந்தது. பொறாமைப்படுவதற்கு எதிராளி கொஞ்சமாவது திமிர் பிடித்தவனாக இருந்தால் வசதி. இவன் அந்த வசதியையும் தரமாட்டேன் என்கிறான்.

கௌசிக் டீ சொல்லப் போன நேரத்தில் ஈஸ்வர் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தான். பார்த்ததும் மனசு குளிர்ந்தது. தாமிரத் தகடு இல்லை. பேருக்கு ஏதோ கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வால்யூம் குமிழ்கள் சின்னச் சின்னதாக, அவன் முதலிலேயே கழற்றி எறிந்த சாதியைச் சேர்ந்தவை. ஆக, வெளியேதான் பட்டுச் சேலை. உள்பாவாடை சாதாரணம்தான்.

கெட்ட நினைப்பும் அப்போதுதான் வந்தது. விடுபட்ட ஒயரில் ஈயத்தைப் பட்டும் படாமலும் வைத்தால் போதும். இன்றைக்கு வேலை செய்யும், ஒத்திகையில் வேலை செய்யும். ராசிபுரத்தில் திரை விலகும்போது, அத்தனை ஜனத்துக்கு முன்னால், ஊமையாகிவிடும். ஈஸ்வர் பற்றவைக்கும் கோலைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். மனசு சரி சரி என்றது. கைதான் கேட்கவில்லை. லாரி ராத்திரியில் மலை ஏறும்போது விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று பயந்து பயந்து பழகிய கை அது. அது தன்பாட்டுக்கு ஒயரைச் சுரண்டி, முறுக்கி, இரண்டு மடங்கு கெட்டியாகப் பற்ற வைத்துவிட்டது. தன் கை மீதே அவனுக்குக் கோபம் வந்தது.

அதே நேரம் பட்டறை வாசலில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு முதலாளிக்கு ஒரே மாதிரி இரண்டு லாரி. ஒன்று நன்றாக மைலேஜ் தருகிறது, மற்றது டீசலைத் தண்ணீராகக் குடிக்கிறது. "வண்டி சரியில்லீங்க" என்று டிரைவர் சத்தம் போட்டான். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "செரி. அடுத்த லோடுக்கு ரெண்டு பேரும் வண்டிய மாத்தி ஓட்டுங்க. தெரிஞ்சு போகுது," என்றார்.

லாரிக்காரர்களிடம் இது வழக்கம்தான். ஆளை மாற்றி ஓட்டிப் பார்ப்பது. ஆள் மாறியும் அந்த வண்டியே குடித்தால், குற்றம் வண்டியுடையது. பட்டறைக்கு வரும். ஈஸ்வர் இந்த வழக்கத்தை எத்தனையோ முறை பார்த்தவன். ஆனால் அவனிடம் வந்து நின்றதெல்லாம் வண்டிகள்தான். குற்றம் டிரைவருடையது என்று தெரிந்தால் அந்த வண்டி பட்டறைப் பக்கமே வராது. அதனால் அந்தச் சோதனை எதற்கு என்பதில் ஒரு பாதிதான் அவனுக்குத் தெரிந்திருந்தது.

கௌசிக் டீயோடு வந்தபோது ஈஸ்வரின் முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, ஞாயித்துக்கெழம ஒரு வேல பண்ணலாமா? உன்ற கிட்டாரு, என்ற கிட்டாரு. நடுவுல தார்ப்பாய் கட்டிரலாம். குழுவுல மத்தவிங்க அக்கட்டால உக்காந்து கேக்கட்டும். ஆள மாத்தி மாத்தி வாசிப்போம். எது எதுன்னு சொல்ல வேண்டாம். எது நல்லா இருக்குதுன்னு அவிங்களே சொல்லட்டும்."

"சூப்பருங்ணா! நல்லா இருக்கும்," என்றான் கௌசிக். அவனுக்கு அது ஒரு விளையாட்டு. ஈஸ்வருக்கு அது வழக்கு. ஜெயித்தால் ரங்கன் சொன்ன 'கிட்டாரு சவுண்டு' பொய்யாகிவிடும். தொடக்க இசை தானாகத் திரும்பி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டின் குறுக்கே தார்ப்பாய் கட்டப்பட்டது. அந்தப் பக்கம் ரங்கன், வெண்ணிலா, ரமேஷ்குமார் மூவரும் பிளாஸ்டிக் நாற்காலியில். இந்தப் பக்கம் இரண்டு கிட்டார், ஒரே ஆம்ப்ளிபையர். குமிழ்களை எந்த அளவில் வைப்பது என்பதை ஈஸ்வரே முடிவு செய்து, அங்கங்கே சாக்பீஸால் கோடு போட்டான். எந்த எஃபெக்ட்டும் கிடையாது. வாசிக்க வேண்டியது தொடக்க இசை. நியாயத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

முதலில் ஈஸ்வர், தன் கிட்டாரில் வாசித்தான். ஒரு சுரம் பிசகவில்லை. அடுத்து கௌசிக், தன் கிட்டாரில். மூன்றாவதாக ஈஸ்வர், கௌசிக்கின் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான். இத்தனை நாள் ஏங்கிய பொருள். கழுத்து கைக்கு அடக்கமாக, வழுக்கிக்கொண்டு வந்தது. அதிலும் பிசகாமல் வாசித்தான். நாலாவதாக கௌசிக், ஈஸ்வரின் கிட்டாரை எடுத்தான். எடுத்தவன் தலைமாட்டிலிருந்த எலும்புத் துண்டைத் தொட்டுப் பார்த்து, "நீங்களே போட்டீங்களாண்ணா?" என்று கிசுகிசுத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். மெட்டின் கடைசியில் ஒரு கம்பியை மேலே தள்ளி நிறுத்த வேண்டிய இடம் வரும். அந்த இடத்தில் சத்தம் அழப்போகிற குழந்தையின் உதடு மாதிரி லேசாக நடுங்கியது. சேலம் ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன்கூட அப்போது யாருக்கும் கேட்கவில்லை.

"நாலு," என்றான் ரமேஷ்குமார், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து.

"எனக்கும் நாலாவதுதான். அதுக்கு அடுத்து ரெண்டாவது," என்றாள் வெண்ணிலா. "ஒண்ணும் மூணும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

ரங்கன் கடைசியாக, "நாலுதான்," என்றார்.

நாலாவது! தன் கிட்டார்! ஈஸ்வருக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. நடு விலையாம், இந்தோனேசியாவாம், வெல்வெட்டாம். எல்லாவற்றையும் அவன் கட்டிய பாடி தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாயைத் திறக்கப் போனவன், திறந்தபடியே நின்றுவிட்டான். ஒன்றும் மூன்றும் ஒரே மாதிரி என்கிறாளே வெண்ணிலா. ஒன்றையும் மூன்றையும் வாசித்தது யார்?

வண்டி இரண்டும் ஒன்றுதான். குற்றம் டிரைவருடையது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்வார்கள். கூடம் கோணல் இல்லை என்று அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு நிரூபித்தவன் ஈஸ்வரேதான்.

ரமேஷ்குமார் அதற்குள் தார்ப்பாயை ஒதுக்கிக்கொண்டு வந்துவிட்டான். "நாலாவது எந்தக் கிட்டாருங்ணா?"

கௌசிக் திரும்பி ஈஸ்வரைப் பார்த்தான்.

"என்னுது," என்றான் ஈஸ்வர். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"பாத்தீங்களா, ஈஸ்வரண்ணன் கிட்டாரு! ண்ணா, அதே மாதிரி மறுக்கா ஒருக்கா வாசிங்க. வீடியோ எடுத்துத் திருவிழாக் கமிட்டிக்குத் தாட்டி உட்டர்றேன்," என்று ரமேஷ்குமார் போனைத் தூக்கிப் பிடித்தான். கிட்டாரை கௌசிக்கிடமிருந்து வாங்கி ஈஸ்வரின் மடியிலும் வைத்துவிட்டான்.

ஈஸ்வர் விரல்களைக் கம்பியின் மேல் வைத்தான். இப்போது வாசித்தால் போதும். போனில் எடுக்கும் வீடியோவில் ஒன்றுக்கும் நாலுக்கும் வித்தியாசம் எவனுக்குத் தெரியப்போகிறது? தொடக்க இசை மறுபடியும் அவனுடையது. எதிரே கௌசிக் குனிந்து ஆம்ப்ளிபையரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று அந்தக் குனிந்த முதுகு சொல்லியது.

அதைத்தான் ஈஸ்வரால் தாங்க முடியவில்லை. தொடக்க இசை போனால் போகட்டும், மேடை போனால் போகட்டும். இந்தப் பொடியன் பிச்சை போட்டு அதைத் தான் வாங்கி மடியில் கட்டிக்கொள்வதா?

"வாசிச்சது நான் இல்ல," என்றான் சத்தமாக, யாரோடோ சண்டைக்குப் போகிறவன் மாதிரி. "நாலாவதும் இவன்தான். ரெண்டாவதும் இவன்தான். ஒண்ணும் மூணும் நானு. போதுமா?"

ரமேஷ்குமார் போனை இறக்கினான். வெண்ணிலா துப்பட்டாவைச் சரிசெய்தாள். ஈஸ்வர் ரங்கனைப் பார்த்தான். ரங்கன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கீபோர்டு மேல் கிடந்த துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த இடத்தைத் துடைத்தார். அன்றைக்கு 'கிட்டாரு சவுண்டு' என்று சொன்னபோதும் அவர் இப்படியேதான் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் மனசு நோகக் கூடாது என்று கிட்டார் மேல் பழியைப் போட்டிருக்கிறார் மனுஷன். அந்த மரியாதையை மரியாதையாக வாங்கிக்கொள்ளத் தெரியாமல், தார்ப்பாய் கட்டி ஊரைக் கூட்டி நடுச்சபையில் பிரித்துப் போட்டது அவன்தான்.

பொறாமை இத்தோடு தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். தீரவில்லை. கௌசிக்கின் பெட்டியிலிருந்து இறங்கி அவன் விரலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. முன்னே என்றால் சாவியை மாற்றலாம், பிக்கப்பை மாற்றலாம் என்று ஒரு வழி இருந்தது. விரலுக்குச் சேலத்தில் எந்தக் கடையில் போய்ச் சொல்லி வைப்பது?

ஒத்திகை எப்படியோ நடந்து முடிந்தது. ஈஸ்வர் ரிதம் பிடித்தான். எல்லோரும் கிளம்பும்போது கௌசிக் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். கையில் அந்தப் பெட்டி, மூடி திறந்தபடி.

"ண்ணா, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? ராசிபுரத்துக்கு உங்க கிட்டாரையே எனக்குக் குடுக்கறீங்களா? நெசமாலுமே என்னுதவிட இது நல்லா இருக்குதுங்க. கொஞ்சங்கூட எரச்சலே இல்ல. என்னுத நீங்க வெச்சுக்குங்க. சும்மா இல்லீங்க, அப்படியே மாத்திக்கலாம்."

சந்தன நிறக் கிட்டார் கருநீல வெல்வெட்டில் சாய்ந்து கிடந்தது. ஈஸ்வர் அதை ஒரு தடவை பார்த்தான். பிறகு தன்னுடையதை எடுத்து ரெக்சின் பைக்குள் இறக்கி ஜிப்பை இழுத்தான். அது வழக்கம்போலப் பாதியில் நின்றது.

"முடியாது தம்பி."

"ஏனுங்ணா?"

"எங்கிட்ட நல்லா இருக்கறது இது ஒண்ணுதான்."